ரத்தம் கம்மின்னு சொல்றாங்களா? எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க... என்ன வகைன்னும் பாருங்க!

பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் நாம முதலில் தேடுறது ஒரே ஒரு நம்பரைத்தான். ஹீமோகுளோபின் எவ்வளவு?

10.8-னு இருந்தா போதும், வீட்டில் மாநாடே கூடிடும். பேரீச்சம்பழம் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, பீட்ரூட் ஜூஸ் குடி, ஞாயித்துக்கிழமை சுவரொட்டி வாங்கிட்டு வர்றேன்னு ஆளுக்கொரு வைத்தியம். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பார். பெரும்பாலானவங்களுக்கு இரண்டு, மூன்று மாதத்தில் நம்பர் ஏறிடும். விஷயம் அதோட முடிஞ்சது.

ஆனா, சிலருக்கு மட்டும் எத்தனை அட்டை மாத்திரை காலியானாலும் நம்பர் அசையவே அசையாது. மத்தபடி ஆள் நல்லாத்தான் இருப்பாங்க. வேலைக்குப் போவாங்க, ஜிம்முக்குப் போவாங்க. 'உனக்கு உடம்புவாகே அப்படித்தான்'னு சொல்லி விட்டுருவாங்க.

அப்படி விட்டுவிடக் கூடாத இடம் அது. ஏன்னா, அவங்க ரத்தத்தில் இருப்பது இரும்புச்சத்துப் பிரச்னையாக இல்லாமல், புரோட்டீன் பிரச்னையாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ரத்தத்தை அளந்தால் போதாது, பிரிக்க வேண்டும். ஆய்வகங்களில் புரோட்டீனை எப்படிப் பிரிக்கிறார்கள், அந்த ரிப்போர்ட் ஏன் கல்யாணத்துக்கு முன்னாடியே கையில் இருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மூட்டை எடை வேற, அரிசி ரகம் வேற

ஒரு அரிசி மூட்டையைத் தராசில் வைத்தால் 25 கிலோ என்று சொல்லும். உள்ளே முழுக்கப் பொன்னிதானா, நடுவில் வேறு ரகம் கலந்திருக்கிறதா என்று தராசு சொல்லாது. வழக்கமான ரத்தப் பரிசோதனையும் இப்படித்தான். மொத்த ஹீமோகுளோபின் எத்தனை கிராம் என்று சொல்லும். என்ன வகை என்று சொல்லாது.

ஹீமோகுளோபின் என்பது சிவப்பணுக்குள் இருக்கும் புரோட்டீன். நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு உடம்பு முழுக்க டெலிவரி செய்வது இதன் வேலை. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு சங்கிலிகள் இருக்கும். பெரியவர்களிடம் அதிகம் இருக்கும் வகையில் இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஆல்ஃபா சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. மாலையில் மணி கோர்த்த மாதிரி ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வரிசையாக இருக்கும்.

நம் எல்லோருக்குமே ஒன்றுக்கு மேற்பட்ட வகை ஹீமோகுளோபின் உண்டு. ஆரோக்கியமான பெரியவரிடம் சுமார் 97 சதவிகிதம் 'ஏ' வகை. 2 முதல் 3 சதவிகிதம் வரை 'ஏ2'. வயிற்றில் குழந்தையாக இருந்தபோது நமக்கு ஆக்சிஜன் கொடுத்த 'எஃப்' வகை, 1 சதவிகிதத்துக்கும் குறைவாக மிச்சம் இருக்கும்.

இந்தக் கணக்கு மாறும்போதுதான் கதையே ஆரம்பிக்கிறது. பீட்டா சங்கிலி தயாராவதில் குறை இருந்தால் அது பீட்டா தலசீமியா. பீட்டா சங்கிலி தயாராகிறது, ஆனால் தப்பாகத் தயாராகிறது என்றால் 'எஸ்' போன்ற வேறு வகைகள். 'எஸ்' வகை ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஒன்றோடொன்று ஒட்டி நீளமான நார் மாதிரி ஆகிவிடும். வட்டமாக இருந்த சிவப்பணு கதிர் அரிவாள் மாதிரி வளைந்துவிடும். அதுதான் சிக்கிள் செல் நோய். வளைந்த அணுக்கள் சின்ன ரத்தக்குழாய்களை அடைக்கும்போது வரும் வலி, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கரன்ட் கொடுத்தா ஓடும் புரோட்டீன்

ஒரு சொட்டு ரத்தத்தில் கலந்து கிடக்கும் இத்தனை வகையை எப்படிப் பிரிக்கிறது? கண்ணுக்குத் தெரியாது. சல்லடையும் கிடையாது.

புரோட்டீன்களுக்கு மின்னூட்டம் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டார் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ். புரோட்டீன் கரைசல் வழியாக மின்சாரம் செலுத்தினால், ஒவ்வொரு புரோட்டீனும் அதனதன் மின்னூட்டத்துக்கு ஏற்ற வேகத்தில் நகரும். எல்லோரையும் ஒரே கோட்டில் நிற்கவைத்து விசில் அடித்தால் கொஞ்ச நேரத்தில் வேகமானவர் முன்னாடியும் மெதுவானவர் பின்னாடியும் பிரிந்துவிடுவார்கள் இல்லையா, அதே மாதிரி. இதற்குப் பெயர் எலெக்ட்ரோஃபோரெசிஸ். 1937-ல் இந்த முறையை வைத்து ரத்தத்தின் தெளிநீரில் இருந்த புரோட்டீன்களை அவர் பிரித்துக் காட்டினார். 1948-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு வந்தது.

அடுத்த வருடமே இந்த முறை மருத்துவ வரலாற்றையே திருப்பிப் போட்டது. சிக்கிள் செல் நோய் 1910-லேயே அமெரிக்காவில் பதிவாகியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் அரிவாள் மாதிரி அணுக்கள் தெரிந்தன. ஏன் வளைகின்றன என்று மட்டும் புரியவில்லை. 1949-ல் லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் நோயாளிகளின் ஹீமோகுளோபினையும் ஆரோக்கியமானவர்களின் ஹீமோகுளோபினையும் மின்சாரத்தில் ஓடவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு மாதிரி நகர்ந்தன. நோய் இருப்பது அணுவின் வடிவத்தில் அல்ல, அதற்கும் உள்ளே ஒரே ஒரு புரோட்டீனில் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு நோயை 'மூலக்கூறு நோய்' என்று சொன்னது அந்த ஆய்வுதான்.

இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. நோய் இல்லாமல், ஆனால் அந்த மரபணுவைச் சுமந்துகொண்டிருந்தவர்களின் ரத்தத்தில் இரண்டு வகையும் கலந்திருந்தன. சாதாரண வகை அதிகம், 'எஸ்' வகை அதைவிடக் கொஞ்சம் குறைவு. வெளியே ஒரு தொந்தரவும் தெரியாத 'கேரியர்'களைப் புரோட்டீனைப் பிரித்தாலே கண்டுபிடித்துவிடலாம் என்பது இங்கிருந்துதான் வந்தது. இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் முக்கியம் இந்தப் பகுதிதான்.

146-ல் ஒண்ணே ஒண்ணு

ஏன் வேறு மாதிரி நகர்ந்தது? இதற்கு விடை சொன்னவர் கேம்பிரிட்ஜில் வேலைபார்த்த வெர்னன் இங்கிராம். முழு சங்கிலியையும் அப்படியே படிப்பது அன்று பெரும்பாடு. அதனால் டிரிப்சின் என்ற என்சைமைக் கத்திரிக்கோலாக வைத்து ஹீமோகுளோபினைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். பிறகு அந்தத் துண்டுகளைக் காகிதத்தில் ஒரு பக்கமாக மின்சாரத்தாலும், குறுக்கே இன்னொரு பக்கமாகக் கரைப்பானாலும் பரவவிட்டார். ஸ்கூலில் சாக்பீஸில் இங்க் பொட்டு வைத்துத் தண்ணீரில் நிறுத்தினால் கலர் தனித்தனியாக ஏறுமே, அந்த டெக்னிக்தான்.

காகிதத்தில் கைரேகை மாதிரிப் புள்ளிகள் விழுந்தன. சாதாரண ஹீமோகுளோபின், 'எஸ்' ஹீமோகுளோபின் இரண்டின் 'கைரேகை'யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்று, ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. 1957-ல் அந்தத் துண்டைப் படித்து முடித்தார். பீட்டா சங்கிலியின் 6-வது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வேலின் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்!

குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர் மின்னூட்டம் உண்டு, வேலினுக்குக் கிடையாது. அதனால்தான் ஓட்டத்தில் 'எஸ்' பின்தங்குகிறது. சரி, புரோட்டீனைச் சைஸ் வைத்துப் பிரிக்கும் முறையும் ஆய்வகங்களில் பிரபலமாச்சே, அது போதாதா? இந்த இடத்தில் கைகொடுக்காது. 146 மணியில் ஒரு மணியை மாற்றினால் மாலையின் நீளம் மாறிவிடுமா என்ன? எடையில் வரும் வித்தியாசமும், சுமார் 15,867 அலகு எடையுள்ள பீட்டா சங்கிலியில் 30 அலகுதான். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மாதிரி மிக நுட்பமான கருவியால்தான் அதைப் பிடிக்க முடியும். எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எப்படிப் பிரிப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

ரங்கநாதன் தெருவும் ஹெச்.பி.எல்.சி-யும்

இப்போது பெரிய லேப்களில் இந்த வேலையைச் செய்வது ஹெச்.பி.எல்.சி என்ற மெஷின். பெயர் புதுசா இருந்தாலும் உங்க வீட்டில் இதை ஏற்கெனவே பார்த்திருக்க வாய்ப்பிருக்கு. அப்பாவோ அம்மாவோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி சுகர் டெஸ்ட், பல லேப்களில் இந்த மெஷினில்தான் நடக்கிறது. சர்க்கரை ஒட்டிக்கொண்ட ஹீமோகுளோபினையும் ஒட்டாததையும் அது பிரிக்கிறது. ரிப்போர்ட்டின் கீழே மலை மாதிரி ஒரு கிராஃப் இருக்குமே, அதேதான்.

வேலை செய்யும் விதம் இப்படி. தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிலும் ஆசை இல்லாதவர் விறுவிறுன்னு வெளியே வந்துவிடுவார். ஒவ்வொரு கடையிலும் நின்று விலை கேட்பவர் கடைசியில்தான் வருவார். மெஷினில் அந்தத் தெரு ஒரு சின்னக் குழாய். உள்ளே எதிர் மின்னூட்டம் உள்ள துகள்கள் நிரம்பியிருக்கும். சிவப்பணுக்களை உடைத்து எடுத்த ஹீமோகுளோபினை இந்தக் குழாயில் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். எதிர் மின்னூட்டம் குறைவாக உள்ள வகை துகள்களோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். அதிகம் உள்ளது சீக்கிரம் நழுவிவிடும். உப்புக் கரைசலின் அடர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டக் கூட்ட, ஒட்டியவை ஒவ்வொன்றாக விடுபடும். முதலில் எஃப், பிறகு ஏ, அடுத்து ஏ2, அதற்கும் பின்னால் எஸ்.

குழாயின் முடிவில் ஒரு ஒளி உணரி இருக்கும். 415 நானோமீட்டர் அலைநீள ஒளியை ஹீமோகுளோபின் நன்றாக உறிஞ்சும். அது கடக்கும் ஒவ்வொரு முறையும் கிராஃபில் ஒரு மலை எழும். எந்த நிமிடத்தில் எழுகிறது என்பது வகையைச் சொல்லும். மலைக்குள் அடங்கும் பரப்பு எத்தனை சதவிகிதம் என்று சொல்லும். ஒரு சாம்பிளுக்குச் சில நிமிடங்களே போதும்.

நீலகிரிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சிக்கிள் செல் என்றால் ஆப்பிரிக்கா என்றுதான் ரொம்ப காலம் எண்ணியிருந்தார்கள். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்களிடம் இந்தத் தன்மை இருப்பதைப் பதிவு செய்தார்கள். அதன்பின் மத்திய இந்தியா, மகாராஷ்டிரா, குஜராத், ஒடிசா, கேரளாவின் வயநாடு எனப் பல இடங்களில் தெரியவந்தது. மலேரியா அதிகம் இருந்த வட்டாரங்களில் இந்த மரபணு தங்கிவிட்டதற்குக் காரணமும் உண்டு. ஒரே ஒரு 'எஸ்' மரபணு உள்ளவர்களை அது கடுமையான மலேரியாவிலிருந்து காப்பாற்றுகிறது. தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய மரபணு, இரண்டாகச் சேரும்போது நோயாகிறது.

2023 ஜூலையில் மத்திய அரசு தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பதும் இலக்கு.

மலைக்கிராமத்துக்கு ஹெச்.பி.எல்.சி மெஷினைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதற்கு ஒரு எளிய முதல்கட்டப் பரிசோதனை உண்டு. ஒரு திரவத்தில் ரத்தச் சொட்டை விடுவார்கள். 'எஸ்' இருந்தால் அது கரையாமல் கலங்கிவிடும். குழாய்க்குப் பின்னால் பிடித்திருக்கும் அட்டையில் உள்ள கோடுகள் தெரியாது. ஆனால், கலங்கினால் 'எஸ்' இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். கேரியரா, நோயாளியா என்று தெரியாது. அதைச் சொல்ல, எலெக்ட்ரோஃபோரெசிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி-யில் பிரித்துத்தான் ஆக வேண்டும். முதல்கட்ட டெஸ்ட்டின் முடிவை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று முத்திரை குத்திவிட்டால், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

'எங்களுக்கெல்லாம் இருக்காது'ன்னு நினைக்கிறீங்களா?

பழங்குடி மக்களுக்கு மட்டுமான பிரச்னை என்று இதைத் தள்ளிவைக்க முடியாது. பீட்டா தலசீமியா கேரியர்கள் இந்திய மக்கள்தொகையில் 3 முதல் 4 சதவிகிதம் இருப்பதாக அரசு வழிகாட்டுதல் சொல்கிறது. 100 பேர் இருக்கும் ஆபீஸில் மூன்று, நான்கு பேர். அவர்களில் பலருக்கு அது தெரியாது.

கேரியராக இருப்பதால் அவருக்குப் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. அதிகபட்சம் ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மியாக இருக்கும். சிக்கல், இரண்டு கேரியர்கள் கல்யாணம் செய்யும்போதுதான். ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவிகிதம், கேரியராக இருக்க 50 சதவிகிதம், எதுவுமே இல்லாமல் இருக்க 25 சதவிகிதம் வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அதனால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் புதுசா டாஸ் போடுகிற மாதிரிதான். ஒருவர் தலசீமியா கேரியர், இன்னொருவர் சிக்கிள் செல் கேரியர் என்றாலும் இதே ஆபத்து உண்டு.

தீவிர தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டும். ரத்தம் ஏற்றும் நாளெல்லாம் அம்மா, அப்பாவின் வேலை, குழந்தையின் ஸ்கூல் எல்லாமே நின்றுபோகும்.

நம் ஊரில் இன்னொரு விஷயமும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம். ஒரே தாத்தா பாட்டியின் மரபணு இரண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், இருவருமே கேரியராக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. சொந்தத்தில் நிச்சயம் செய்கிறவர்கள் இந்த டெஸ்ட்டைக் கண்டிப்பாக யோசிக்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கணும்?

முதலில் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே ஒரு துப்பு இருக்கிறது. எம்.சி.வி என்ற வரியைப் பாருங்கள். சிவப்பணுவின் சராசரி அளவு அது. 80-க்குக் கீழே இருந்தால் அணுக்கள் சின்னதாக இருக்கின்றன என்று அர்த்தம். இரும்புச்சத்துக் குறைவிலும் இப்படி வரும், தலசீமியா கேரியருக்கும் வரும். ஆனால் கேரியர்களுக்குச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறையாது, சிலருக்குக் கூடவே இருக்கும். எம்.சி.வி-யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து, 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகப்படலாம். இது துப்பு மட்டும்தான், தீர்ப்பு இல்லை.

தீர்ப்புக்கு, ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் டெஸ்ட். அதில் ஏ2 அளவு 3.5 சதவிகிதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் உஷாராவார்கள். காரணம் எளிமையானது. ஏ2-வில் பீட்டா சங்கிலி கிடையாது, அதற்குப் பதில் டெல்டா சங்கிலி. பீட்டா குறையும்போது ஏ2-வின் பங்கு தானாக உயர்கிறது.

இதிலும் சில கண்ணிகள் உண்டு.

* இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் ஏ2 அளவு இறங்கி, கேரியரையும் நார்மல் மாதிரி காட்டலாம். அதனால் இரும்புச்சத்து அளவையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

* சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் கிராஃபில் தெரிவது ரத்தம் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் சேர்த்துத்தான். மூன்று மாதமாவது இடைவெளி தேவை. லேபில் மறக்காமல் சொல்லுங்கள்.

* கைக்குழந்தைகளுக்கு எஃப் வகைதான் அதிகம் இருக்கும். ஏ2-வை வைத்து முடிவுசெய்ய அது வயசு இல்லை.

* ஒரு முறையில் ஒன்றாகத் தெரியும் இரண்டு வகை, இன்னொரு முறையில் தனியாகத் தெரியும். வழக்கமான எலெக்ட்ரோஃபோரெசிஸில் 'எஸ்' வகையும் 'டி' வகையும் ஒரே இடத்தில் நிற்கும். ஹெச்.பி.எல்.சி-யில் பிரிந்துவிடும். ஆனால் ஹெச்.பி.எல்.சி-யில் 'இ' வகை ஏ2-வோடு ஒட்டிக்கொண்டு வரும். சந்தேகம் வந்தால் டாக்டர் இன்னொரு முறையிலோ, மரபணுப் பரிசோதனையிலோ உறுதிசெய்யச் சொல்வது இதனால்தான். பணம் பிடுங்கப் பார்க்கிறாங்கன்னு அவசரப்பட்டு நினைக்க வேண்டாம்.

ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். டாக்டரிடம், 'எனக்கு ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனை தேவையா?' என்று கேளுங்கள். அது போதும்.

கேரியர்னா நோயாளி இல்லை

ரிப்போர்ட்டில் 'கேரியர்' என்று வந்தால் என்ன செய்வது? முதலில், உடைந்துபோக ஒன்றுமில்லை. அது தொற்றாது. மாறாது. உங்கள் தப்பும் இல்லை. கேரியர் ஒருவர் கேரியர் இல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்தால் குழந்தைக்கு நோய் வராது. அதனால் உங்களுடைய ரிப்போர்ட் மட்டும் போதாது, துணையாக வரப்போகிறவரின் ரிப்போர்ட்டும் வேண்டும். உங்கள் அண்ணன், தங்கைக்கும் சொல்லுங்கள். அவர்களும் கேரியராக இருக்க வாய்ப்புண்டு.

இருவருமே கேரியர் என்றாலும் கல்யாணமே கூடாது என்று அர்த்தமில்லை. மரபியல் ஆலோசகரைப் பார்த்துப் பேசலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே குழந்தைக்கு நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்கும் வசதி இருக்கிறது. முடிவு அவர்களுடையது. ஆனால் அந்த முடிவை எடுக்க, விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சைப்ரஸ் நாட்டில் கல்யாணத்துக்கு முன் இந்த டெஸ்ட்டை வழக்கமாக்கிய பிறகு, தீவிர தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட இல்லை என்ற நிலைக்கு வந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரிப்போர்ட்டைப் பெண்ணிடம் மட்டும் கேட்டு, பெண்ணை மட்டும் தட்டிக்கழிக்கும் ஆயுதமாக இது மாறிவிடக் கூடாது. நோய் வர இரண்டு பக்க மரபணுவும் வேண்டும். மாப்பிள்ளைக்கும் அதே ஊசி, அதே டெஸ்ட்.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்க நாலு நாள் அலைகிறோம். இந்தப் பதினோராவது பொருத்தத்துக்கு வேண்டியது இரண்டு பேரின் கொஞ்சம் ரத்தம்தான்.